கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா செலுத்துபவர்களுக்கான பிஏசிபி சான்றிதழ்: முழுமையான வழிகாட்டி

திரையில் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய களிமண் குழாய் தெரிகிறது. கேமரா நிற்கிறது. குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 2 மணி காட்டும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு நீளவாக்கில் ஓடுகிறது. விளக்கைச் சற்றுச் சாய்த்து, லென்ஸை அருகே திருப்பிப் பார்க்கிறீர்கள். கோட்டின் இரு விளிம்புகளும் ஒட்டியிருந்தால் அது விரிசல். நடுவே கறுப்பாக இடைவெளி தெரிந்தால் அது பிளவு. துண்டுகள் இடம் பெயர்ந்திருந்தால் உடைவு. குறையின் கடுமையைச் சொல்லும் தர எண் நீளவாக்கில் ஓடும் விரிசலுக்கு 2, அதே இடத்தில் பிளவு என்றால் 3. இந்த ஓர் எண் வேறுபாட்டில்தான் சாலையைத் தோண்டுவதா, இன்னும் சில ஆண்டுகள் விட்டுவைப்பதா என்ற முடிவு தொங்குகிறது. அந்த முடிவை எடுக்கும் பொறியாளர் குழாயைப் பார்த்ததே இல்லை. நீங்கள் எழுதியதை மட்டுமே அவர் பார்க்கிறார்.

நான் டொராண்டோ வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்கிறேன். தமிழ் இளைஞர்கள் பலர், குறிப்பாகப் புதிதாகக் கனடா வந்தவர்கள், இந்தத் துறைக்குள் எப்படி வருவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேமராவை ஓட்டக் கற்றுக்கொண்டால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சக்கர வண்டிக் கேமராவை ஓட்டுவதற்கு இரண்டு வாரப் பழக்கம் போதும். கண்டதை எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சொல்லில் எழுதுவதற்குத்தான் பயிற்சி வேண்டும், சான்றிதழும் அதற்காகத்தான். ஆகவே இந்த வழிகாட்டி ஓட்டுவதைவிட எழுதுவதைப் பற்றியே அதிகம் பேசும்.

முதல் படி: எந்தச் சான்றிதழ், எதற்காக

குழாய்க் குறைகளுக்குப் பொதுவான குறியீட்டு மொழி ஒன்றை முதலில் உருவாக்கியது பிரிட்டனின் டபிள்யூஆர்சி என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம். அதன் கழிவுநீர்க் குழாய் நிலை வகைப்பாட்டுக் கையேடு 1980இல் வெளிவந்தது. அந்த அடித்தளத்தின் மேல், அமெரிக்காவின் நாஸ்கோ என்ற தொழில் அமைப்பு 2000களின் தொடக்கத்தில் தன் நாட்டுக் குழாய்களுக்கு ஏற்ற முறையை வகுத்தது. அதுதான் பிஏசிபி: குழாய் மதிப்பீட்டுச் சான்றிதழ்த் திட்டம். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகராட்சிகள் தங்கள் ஒப்பந்த ஆவணத்திலேயே, கேமரா ஆய்வைப் பதிவு செய்பவர் பிஏசிபி சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்று எழுதிவிடுகின்றன. சான்றில்லாதவர் எடுத்த படம் தெளிவாக இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தில் அதற்குப் பணம் கிடைக்காது.

பிஏசிபி பிரதானக் குழாய்களுக்கானது. வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு வரும் கிளைக்குழாய்களுக்கு எல்ஏசிபி, மேன்ஹோல்களுக்கு எம்ஏசிபி என்று இரண்டு துணைச் சான்றிதழ்கள் உண்டு. வழக்கமாக முதல் இரண்டு நாள் பிஏசிபி, மூன்றாவது நாள் மற்ற இரண்டும். மூன்று நாளையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பின்னால் அந்த ஒரு நாளுக்காக மறுபடி விடுப்புக் கேட்பதும் பயணம் செய்வதும் வீண் சிரமம்.

பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நாஸ்கோ சான்றிதழ் நேரடியாகச் செல்லாது. பிரிட்டனில் அந்த டபிள்யூஆர்சி கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், ஆஸ்திரேலியாவில் டபிள்யூஎஸ்ஏ 05 என்ற குறியீட்டு நூலும் நடைமுறையில் இருக்கின்றன. அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான். குறியீடும் எல்லைகளும் வேறு. ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ள நாளாகாது.

இரண்டாம் படி: வகுப்பறைக்கு முன் உயிர்காப்பு

இதை இரண்டாவதாக வைத்ததால் சின்ன விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். பிஏசிபி வகுப்பு பாதுகாப்புப் பயிற்சி அல்ல. குறியீடு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் ஒரு மேன்ஹோல் மூடியைத் தவறாகத் திறந்து உயிரிழக்க முடியும்.

ஒன்டாரியோவில் வேலைக்குச் சேரும் எந்தத் தொழிலாளரும் அடிப்படைச் சுகாதார, பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். மூடிய வெளிகளில் வேலை செய்வதற்கு 632/05 என்ற தனி ஒழுங்குமுறை இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு இணையானது, தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.146 என்ற விதி. மேன்ஹோலுக்குள் இறங்காமல் மேலிருந்தபடியே கேமராவை இறக்குவதுதான் உங்கள் வேலை என்றாலும், மூடிய வெளிப் பயிற்சியை எடுத்துவிடுங்கள். கேமரா சிக்கிக்கொண்ட நாளில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது சட்டப்படி இறங்குவதுதான், உடலைப் பொறுத்தவரையும் இறங்குவதுதான் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில் நிறுத்திப் படிக்கப் பழகுங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. எரியும் வாயு, வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்தைத் தொட்டால் கருவி அலறும்படி வழக்கமாக வைத்திருப்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அந்த எல்லை 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. அழுகிய முட்டை நாற்றம்தானே, மூக்கே சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். ஏறத்தாழ 100 பிபிஎம் அளவில் அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியடையும் நொடியே மிகக் கொடியது.

இதை எழுதும்போது ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் பாதாளச் சாக்கடைக்குள் மனிதர்கள் இறங்கி மூச்சடைத்து இறந்த செய்திகளைப் படித்தே வளர்ந்தேன். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. அடைப்பு எங்கே, எதனால் என்று தெரியாததால்தான் ஆளை இறக்கித் தேடச் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மேலே நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கருவி இந்தக் கேமரா. ஆகவே இந்தத் தொழிலை யாராவது கீழானதாகப் பேசினால் எனக்குத் தாங்காது.

இன்னும் சில: சாலையில் கூம்பு வைத்துத் தடம் மறிக்க ஒன்டாரியோ போக்குவரத்துக் கையேட்டின் 7ஆம் புத்தகத்தில் பயிற்சி வேண்டும். அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான பயிற்சியும் வேண்டும். ஹெபடைடிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கேமரா வேனை ஓட்ட, கார் ஓட்டுவதற்கான ஒன்டாரியோவின் ஜி உரிமம் போதும். குழாயைக் கழுவும் ஜெட்டிங் லாரிகள் பெரும்பாலும் 11,000 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அவற்றுக்கு டி வகுப்பு உரிமமும், காற்றழுத்த பிரேக்குக்கான இசட் ஒப்புதலும் வேண்டும். இந்த உரிமம் கையில் இருப்பவரை நிறுவனங்கள் தேடிப் பிடித்து எடுத்துக்கொள்கின்றன.

மூன்றாம் படி: பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்தல்

நாஸ்கோ தானே உரிமம் வழங்கிய பயிற்றுநர்கள் மட்டுமே இந்த வகுப்பை நடத்த முடியும். நாஸ்கோ இணையதளத்தில் வரவிருக்கும் வகுப்புகளின் பட்டியல் இருக்கிறது. பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கேமரா ஆய்வுப் பயிற்சி என்ற பொதுவான தலைப்பில் கருவி விற்பவர்கள் நடத்தும் வகுப்புகளும் உண்டு. அவை பயனற்றவை அல்ல. கருவியைப் பழுது பார்க்கவும் கேபிளைப் பராமரிக்கவும் நன்றாகவே கற்றுத் தருவார்கள். ஆனால் அங்கே தரும் தாள் ஒப்பந்தத்தில் கேட்கும் சான்றிதழ் ஆகாது.

நேரிலும் நடக்கிறது, இணையவழியிலும் நடக்கிறது. முதல் முறை நேரில் போவதையே நான் சொல்வேன். ஒரே படத்தைப் பார்த்து மேசையைச் சுற்றியிருக்கும் ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லி, பயிற்றுநர் கையேட்டைத் திறந்து தீர்ப்புச் சொல்லும் அந்த நேரத்தில்தான் பாடம் மனத்தில் பதிகிறது. திரையில் ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

பணம் யார் கட்டுவது என்று கேட்பார்கள். பல நிறுவனங்கள் தாமே கட்டும், பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் வேலையில் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கும். கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் சான்றிதழ் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் வருவது. நிறுவனத்தின் சொத்தல்ல. வேலை மாறினால் அது உங்களோடு வரும்.

நான்காம் படி: வகுப்புக்கு முன் ஒரு மாதம்

களத்தில் ஒரு நாள்கூடப் போகாமல் வகுப்பில் உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எல்லாம் வெறும் எழுத்துகளாகத் தெரிகின்றன. முடிந்தால் உதவியாளராக ஒரு மாதம் வேனில் இருங்கள். கேபிள் சுற்றுங்கள், மூடியைக் கொக்கியால் இழுங்கள், திரையைப் பின்னாலிருந்து பாருங்கள்.

ஆங்கிலத்தில் தடுமாறுபவர்களுக்கு, எனக்குப் பயன்பட்ட ஒரு வழியைச் சொல்கிறேன். கோடு போடாத நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஆறு வட்டம் வரையுங்கள். ஒவ்வொரு வட்டமும் குழாயின் குறுக்குவெட்டு. அன்று திரையில் கண்ட குறை எந்த இடத்தில் இருந்ததோ, அதே இடத்தில் பென்சிலால் வரையுங்கள். கீழே தமிழில் அதன் பெயர், அதற்குக் கீழே குறியீடு. மேல்புறம் 10 மணியிலிருந்து 2 மணி வரை வேர்: ஒரு வட்டம். அடியில் 5 மணியிலிருந்து 7 மணி வரை மணல்: இன்னொரு வட்டம். இப்படி நூறு வட்டம் நிரம்பும்போது ஆங்கிலச் சொல் தானாகக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலமே தாய்மொழியானவர். வட்டம் வரையாததால் கடிகார நிலையில் திணறினார்.

ஐந்தாம் படி: வகுப்பில் கற்பிப்பது

குறைகள் நான்கு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: குழாயின் உடலில் ஏற்பட்ட கட்டமைப்புக் குறைகள், இயக்கமும் பராமரிப்பும் சார்ந்தவை, கட்டுமான அம்சங்கள், மற்றும் இதரக் குறிப்புகள். குறியீடு எழுத்தெழுத்தாக வளர்கிறது. விரிசலுக்கு சி. நீளவாக்கில் என்றால் சிஎல், சுற்றுவாக்கில் சிசி, பலவாகக் கிளைத்தால் சிஎம், சுருளாக ஓடினால் சிஎஸ். பிளவுக்கு எஃப், அதன் பின்னால் அதே எழுத்துகள். உடைவுக்கு பி, துளைக்கு எச், முற்றிலும் இடிந்து விழுந்திருந்தால் எக்ஸ். இந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டால் நீண்ட பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. வினையடியோடு விகுதி சேர்க்கத் தெரிந்த நமக்கு இது எளிது.

வேர்களைப் பாருங்கள். ஆரில் தொடங்கும். நூல் போன்ற சல்லி வேருக்கு ஆர்எஃப், ஆணிவேர் போல் ஒற்றைத் தடிமனாக இருந்தால் ஆர்டி, குழாயின் குறுக்குவெட்டில் பாதிக்குக் குறைவாக அடைத்திருந்தால் ஆர்எம், பாதிக்கு மேல் அடைத்துப் பந்தாகத் திரண்டிருந்தால் ஆர்பி. பின்னால் வரும் எழுத்து வேர் எங்கே நுழைந்தது என்று சொல்லும்: மூட்டிலா, உடல்பகுதியிலா, கிளைக்குழாயிலா. வேர் தானாகக் குழாயை உடைத்து நுழைவது அரிது. ஏற்கெனவே இருக்கும் மூட்டு இடைவெளியிலிருந்து கசியும் ஈரத்தைத் தேடி வருகிறது. ஆகவே வேரைக் கண்டால் அதற்குப் பின்னால் இருக்கும் குறையையும் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டால், வேரை வெட்டியவர்கள் ஓராண்டில் திரும்பி வருவார்கள்.

நிலத்தடி நீர் உள்ளே வருவதைச் சொல்லும் வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. கறை, ஊறல், சொட்டு, ஓட்டம், பீச்சல் என்று ஐந்து நிலை. தமிழில் நினைத்தால் ஒருபோதும் மறக்காது. பார்த்தவுடன் சொல்லிவிடாமல் கேமராவைச் சில நொடி நிறுத்த வேண்டும். ஊறலா சொட்டா என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

கடிகார நிலையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். குழாயின் உச்சி 12. எப்போதும் வலஞ்சுழியாகவே எழுத வேண்டும். 10 முதல் 2 வரை என்றால் உச்சி வழியாகச் செல்லும் சிறு பகுதி. அதையே மாற்றி 2 முதல் 10 வரை என்று எழுதினால், பக்கங்களும் அடியும் சேர்ந்த பெரிய பகுதி என்று பொருளாகிவிடும். சுற்றிலும் இருந்தால் 12 முதல் 12. அடுத்து, கேமரா பார்க்கும் திசைதான் கணக்கு. நீர் ஓடும் திசையில் போகும்போது 3 மணியில் தெரிந்த வீட்டு இணைப்பு, எதிர்த்திசையிலிருந்து வந்தால் 9 மணியில் தெரியும். ஒவ்வொரு ஆய்வுக்கும் முதலில் நிரப்பும் தலைப்புப் படிவத்தில் திசையைத் தவறாகக் குறித்துவிட்டால் பின்விளைவு பெரிது. பழைய குழாய்க்குள் புதிய உறையை ஏற்றி இறுக வைத்த பிறகு, மூடப்பட்ட வீட்டு இணைப்புகளை ரோபோ வெட்டியால் உள்ளிருந்தே திறப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதை உங்கள் பதிவிலிருந்துதான் எடுப்பார்கள். தவறான பக்கத்தில் வெட்டினால் புத்தம் புதிய உறையில் ஓட்டை, அதோடு ஒரு வீட்டின் கழிவுநீர் வெளியேற வழியில்லாமல் அதன் நிலவறைக்குள் ஏறும்.

மூட்டிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள் இருக்கும் குறைக்கு மூட்டுக் குறி சேர்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் நீளும் குறைக்குத் தொடக்கமும் முடிவும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். தொடங்கியதை முடிக்காமல் விட்டால் மென்பொருள் அந்தப் பதிவையே ஏற்காது. மண், கொழுப்பு, சுண்ணப் படிவு ஆகியவை குறுக்குவெட்டில் எத்தனை சதவீதத்தை அடைத்திருக்கின்றன என்பதை 5 சதவீதப் படிகளில் மதிப்பிட வேண்டும். எலி, கரப்பான் பூச்சிக்குக்கூடத் தனிக் குறியீடு உண்டு.

பிறகு தர எண்கள். 1 முதல் 5 வரை. 5 என்றால் குழாய் ஏற்கெனவே செயலிழந்துவிட்டது, அல்லது ஐந்து ஆண்டுக்குள் செயலிழக்கக்கூடும். 4 என்றால் ஐந்திலிருந்து பத்து ஆண்டு, 3 என்றால் பத்திலிருந்து இருபது, 2 என்றால் இருபதுக்கு மேல். 1 என்றால் கண்ணுக்கெட்டிய காலத்தில் அச்சமில்லை. ஒரு முழுக் குழாயின் நிலையை நான்கு இடங்களில் அடக்கும் விரைவு மதிப்பீடும் இருக்கிறது. 4235 என்று எழுதியிருந்தால்: அந்தக் குழாயில் கண்ட மிக மோசமான தரம் 4, அது 2 இடத்தில், அடுத்த தரம் 3, அது 5 இடத்தில். ஒரு தரத்தில் 10 முதல் 14 குறைகள் வந்தால் எண்ணுக்குப் பதிலாக ஏ என்ற எழுத்து, 15 முதல் 19 வரை பி. நகராட்சிப் பொறியாளர் ஆயிரக்கணக்கான குழாய்களை இந்த நான்கு இடத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தரத்தை நீங்கள் போடுவதில்லை; குறியீட்டிலிருந்து மென்பொருள் கணக்கிடுகிறது. இந்தக் குழாய் மோசம்தான், கொஞ்சம் கூட்டி எழுதுவோம் என்று மனம் சொல்லும். கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது. கண்டதை எழுதுங்கள்.

ஆறாம் படி: தேர்வு

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகுப்பின் இறுதியில் நடக்கும். படங்களைக் காட்டிக் குறியீடு கேட்பார்கள். தலைப்புப் படிவம், கடிகார நிலை, தொடர் குறை, தர எண் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். முதல் நாள் இரவு விடுதியில் தொலைக்காட்சியைப் போடாமல் கையேட்டின் படங்களை ஒரு முறை புரட்டினால் போதும். விரிசலுக்கும் பிளவுக்கும், பிளவுக்கும் உடைவுக்கும் உள்ள எல்லையை மட்டும் மூன்று முறை படியுங்கள்.

ஏழாம் படி: சான்றிதழோடு முதல் வாரம்

இப்போது உங்கள் சான்றிதழ் எண் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் ஏறும். எந்தத் தெரு, மேல்நிலை மேன்ஹோல் எது, கீழ்நிலை மேன்ஹோல் எது, குழாய் என்ன பொருளால் ஆனது, விட்டம் என்ன, முன்கூட்டிக் கழுவப்பட்டதா, வானிலை எப்படி என்று பல கட்டங்களை நிரப்ப வேண்டும். கேமரா உள்ளே போகும் முன்பே நிரப்பிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த படத்தில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். வானிலைக் கட்டத்தை வெற்றாக விட்டால், பிறகு பார்ப்பவர் குழாய் தாழ்ந்துவிட்டதோ என்று ஐயப்படுவார்.

தூரக் கணக்கில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சான்றிதழ் வாங்கிய முதல் ஆண்டு. அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். லென்ஸில் கொழுப்பு அப்பிக்கொண்டதால் கேமராவை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி இறக்கினேன். தூரம் காட்டும் எண்ணியைத் திரும்பவும் சுழியத்தில் வைக்க மறந்தேன். திரையில் 31.6 மீட்டரில் உடைவு என்று பதிந்தது. உண்மையில் அது 29.2 மீட்டரில் இருந்தது. தோண்ட வந்தவர்கள் நான் எழுதியதை நம்பிச் சாலையை வெட்டினார்கள். மூன்று மீட்டர் ஆழத்தில் நல்ல குழாய் கிடந்தது. ஜனவரி மாதம், உறைந்த மண். அந்தக் குழியை மூடிவிட்டு இரண்டாவதாகத் தோண்ட வேண்டியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. மேற்பார்வையாளர் வீடியோவைத் திரும்ப ஓட்டி, நான் லென்ஸைத் துடைத்த இடத்தில் நிறுத்தி, எண்ணியைக் காட்டினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கேமரா வெளியே வந்து மறுபடி இறங்கும் ஒவ்வொரு முறையும், எண்ணியை வாய்விட்டுச் சொல்லிவிட்டே நகர்கிறேன். கேபிளைத் தரையில் நீட்டி அளவு நாடாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஒப்பந்தங்களில் பரவலாகக் காணும் எல்லை. லென்ஸ் குழாயின் நடுமையத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் நின்று, தலையைத் திருப்பி உள்ளே பாருங்கள். இணைப்பு தொழிற்சாலையில் செய்த கிளையா, சுத்தியலால் உடைத்துச் செருகியதா, குழாய்க்குள் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று வேறுபடுத்தி எழுத வேண்டும். தடையால் முன்னே போக முடியாவிட்டால் ஆய்வு கைவிடப்பட்டது என்ற குறியீட்டைக் காரணத்தோடு போட்டு, அடுத்த மேன்ஹோலிலிருந்து எதிர்த்திசையில் வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் குறுக்கே போவதைக் கண்டால், அது எரிவாயுக் குழாயாக இருக்கக்கூடும். சாலையைத் தோண்டாமல் நிலத்துக்கு அடியில் துளையிட்டுப் பதிக்கும்போது, துளைக் கருவி கண்ணுக்குத் தெரியாத கழிவுநீர்க் குழாயைக் குத்திக்கொண்டு போய்விடுகிறது. பல ஆண்டுகள் எதுவும் நடக்காது. ஒருநாள் அடைப்பு ஏற்படும். வேர் என்று நினைத்து யாரோ சுழலும் வெட்டுக்கருவியை இறக்குவார்கள். எரிவாயு கழிவுநீர்க் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறும். வட அமெரிக்காவில் இப்படி வீடுகள் வெடித்திருக்கின்றன. ஆகவே அதைக் கண்டவுடன் கேமராவை மோதவிடாமல் நிறுத்துங்கள், தூரத்தையும் கடிகார நிலையையும் பதியுங்கள், மேற்பார்வையாளரையும் எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையும் அழையுங்கள். யாரும் எதையும் வெட்டாதபடி ஆளை நிறுத்துங்கள். அன்றைய மற்ற வேலை காத்திருக்கட்டும்.

எட்டாம் படி: புதுப்பித்தல், அதற்கு மேல்

பிஏசிபி சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். மறுசான்றை இணையவழியிலேயே முடித்துக்கொள்ளலாம். காலாவதி ஆகும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். தேதி கடந்த பிறகு எடுத்த பதிவுகளை நகராட்சி திருப்பி அனுப்பினால், அதே குழாய்களை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். கையேட்டின் புதிய பதிப்பு வரும்போது சில வரையறைகள் மாறும். பழைய பழக்கத்தில் எழுதிக்கொண்டிருக்காமல் மாற்றங்களை ஒரு தாளில் எழுதி வேனில் ஒட்டுங்கள்.

அடுத்து எங்கே போகலாம்? குழாய்ப் புனரமைப்பு வேலைகளை மேற்பார்வை செய்பவர்களுக்காக ஐடிசிபி என்ற பயிற்சியையும் நாஸ்கோ நடத்துகிறது. களத்தில் ஓட்டத் தெரிந்தவர் அதை முடித்தால், ஒப்பந்தக்காரரின் வேனிலிருந்து பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வாளர் இருக்கைக்கு மாற வழி பிறக்கும். மற்றவர்கள் எடுத்த வீடியோக்களைத் திரும்பப் பார்த்துக் குறியீடு சரியா என்று சோதிக்கும் வேலையும் உண்டு. முதுகு வலிக்கத் தொடங்கிய மூத்த தொழிலாளர்களுக்கு அது ஏற்றது. அனுபவமுள்ள கண்ணுக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது.

வகுப்பில் சேரப் போகிறவர் முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஆறு வட்டம் வரைந்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் 12 என்று எழுதி வையுங்கள்.